எட்டு நாலைவிடச் சின்னது

முதல் நாளே கேட்டுவிட்டாள் ஜெபக்கனி:
எட்டு எப்படி நாலைவிடச் சின்னதாகும்?

பகலில் சயான் மருந்துக்கடையில் பில் போடுபவள்,
இரவில் தாராவிக் கோயில் பாடகர் குழுவுக்குத்
தாள்கள் தட்டித் தருபவள்.
நான் எழுதிய நிரல்
எழுத்தைத் தின்று ஐந்து கோட்டில் இசையாக உமிழும்.
ஸ்வரத்தின் வாலில் ஓர் எண்.
நாலென்றால் கால், எட்டென்றால் அரைக்கால்,
புள்ளி வைத்தால் பாதி கூடும்.

"தமிழ்ல புள்ளி வச்சா குறையும்ல?"

கையேடு நாற்பது பக்கம்.
அதில் 'எளிது' என்ற சொல் பதினேழு இடத்தில்.

விக்ரோலி லோக்கலில் முதுகும் நெஞ்சுமாக நசுங்கி நின்றேன்.
குர்லா தாண்டும்போது தண்டவாளம்
எண் எதுவும் போடாமலே
நடையை மாற்றிக்கொண்டது.

அன்றிரவு அவளிடமிருந்து வாட்ஸப்:
"அண்ணே எங்கேஏஏஏ இருக்கீங்க
பன்னிரண்டாம் கட்டம் திரும்பவும் ஒடைஞ்சிருச்சு"

எத்தனை ஏ என்று எண்ணினேன்.
கையேடு படிக்காமல்
ஊரே கட்டைவிரலால்
நீட்டலை எழுதிக்கொண்டிருக்கிறது.
அளபெடை.
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்,
வாங்கியதும் மறந்தது.

எண்களை அழித்தேன்.
த ஒன்று. தா இரண்டு. தாஅ மூன்று.
த் அரை. புள்ளி வைத்தால் குறையும், அவள் சொன்னபடி.
துணைக்கால்:
பெயரில்தான் கால்,
கூட்டுவதோ முழுதாய் ஒன்று.
தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்,
கீழ்வீட்டுக் காம்ப்ளே குழாயைத் திறக்கும்வரை.
நாலரை மணி. தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டின் இடத்தில் மூன்றை அடைப்பதுதான்
வசப்படவில்லை.
"மூணு பேர் சீட்ல நாலாவதா ஒக்கார்றோமே,
அதுக்கென்ன இலக்கணமா படிச்சோம்?
தோடா சர்கோ, அவ்வளவுதான்."
அதற்கும் ஒரு குறி வைத்தேன்.
பெயர் சர்கோ.
மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை இதுவரை.

சனிக்கிழமை இரவு, சோதனை அச்சு.
பன்னிரண்டாம் கட்டத்தில்
நிரல் சிவப்பாகக் கத்தியது:
அரை மாத்திரை குறைகிறது.

"கொறையல. அங்கதான் ஆல்ட்டோ பாடுறவங்க
மூச்சு விடுவாங்க."

மூச்சுக்கு எழுத்து வைக்கவில்லையே,
எதைத் தட்டலாம், நீயே சொல், என்றேன்.

தட்டச்சு செய்கிறார்
என்று காட்டியது, வெகுநேரம்.
பிறகு அதுவும் நின்றது.

எதுவும் வரவில்லை.