விலாசம்

சவரிராஜின் கோப்பு கண்டனூரிலிருந்து
இரவு பதினொன்றரைக்கு வந்தது.
ஆண்குரல்கள் அதில், பெண்குரல்கள் என்னிடம்.
மூன்றாவதாக ஒரு கோப்பு திறந்து
இரண்டே வரி எழுதினேன்:
இதைச் சேர்.
அதைச் சேர்.

பிழை ஒன்றுமில்லை என்றது திரை.
ஐந்து கோடுகளிலும் சுரங்கள் ஏறி உட்கார்ந்து
அச்சுக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை, செக்காலை தேவாலயம்.
சோப்ரானோ ஆறு பேரும்
டெனர் பாட வேண்டியதைப் பாடினார்கள்.
லூர்து டீச்சரின் குரல் படியிறங்கிப் போய்
கடைசிப் படியில் நின்றுவிட்டது.
யாரும் என்னைத் திட்டவில்லை.
பவுலின் மட்டும், "எனக்கு மீசை அரும்புது மெய்யம்மை" என்றாள்.

பள்ளத்தூர் திரும்பி, சாப்பிடாமல் பார்த்தேன்.
என் கோப்பில் சரணம். அவர் கோப்பிலும் சரணம்.
சேர் என்று சொல்லிவிட்டால் இந்த மென்பொருளுக்குச் சுவர் கிடையாது.
பின்னால் வந்த சரணம்
முன்னால் வந்ததின் பாயில்
சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
ஒரே முகப்பு, ஏழு புள்ளி, ஏழு அடுப்பு உள்ள வீட்டில்
வாழ்க்கைப்பட்டவள்.
எங்களை வேறு வைத்த அன்று
உப்பு முதல் அளந்து கொடுத்தார்கள்.
என் உப்பு என் அடுப்புக்கு.
வளவில் வைத்தால் எல்லாருக்கும்.

தாளின் அகலத்தை நெளிந்த அடைப்புக்குள் எழுதினால்
அதுவும் அப்படித்தான்,
அங்கேயே சமைத்து அங்கேயே உண்ணும்.
சரணத்தை நான் வளவில் வைத்திருந்தேன்.
அவரும்.

கூரியர்காரர் வாசலில் "வயிரவன்!" என்றால்
மூன்று கதவுகள் திறக்கும்.
விலாசத்தோடு கூப்பிட்டால்
ஒருவர் மட்டும் செருப்பைத் தேடுவார்.

ஆகவே பெயர்களுக்கு விலாசம் வைத்தேன்.
பமெசரணம். கசசரணம்.
வாய்க்குள் நுழையாது, நுழைய வேண்டியதுமில்லை.

உடனே நாற்பத்தோராவது வரியில் சிவப்பு:
சரணம் என்று யாரும் இங்கே இல்லை.
அவர் பழைய பெயரை இன்னோரிடத்திலும் கூப்பிட்டிருக்கிறார்.
வாயைத் திறந்ததே, அது போதும் என்றிருந்தது.

சுருதியையும் வேகத்தையும் நான் பிரிக்கவில்லை.
அவை பொதுவில்தான் இருக்க வேண்டும்,
நாலு குரலுக்கும் ஒரே கிணறு.

இன்று காலை சவரிராஜ்
திருத்திய கோப்பு அனுப்பியிருக்கிறார்.
ஓடவிட்டுக் கேட்கிறேன்.
பெண்கள் பெண்களாகப் பாடுகிறார்கள்,
ஆனால் எல்லாரும்
காரைக்குடி கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்.

வளவில் யாரோ
வேகத்தைத் தொட்டிருக்கிறார்கள்.