உதிரிச் சக்கரம்

என்னிடம் நான்கு துப்பாக்கிகள் இருக்கின்றன.
ஒன்றும் சுடாது.
குழல் அடைத்த துத்தநாக வார்ப்பு,
மரம் போல் வண்ணம் பூசிய பிளாஸ்டிக்.
ஒன்றின் விசை மட்டும் நிஜத்தைப் போலவே சொடுக்கும்.
வெடிச்சத்தம், திரைக்குப் பின்னால்
நான் மோதுகிற இரண்டு பலகைகள்.

இன்வர்னஸில் காலை ஐந்தரைக்கு எண்ணி வைத்தேன்.
கறுப்புப் பெட்டி, பஞ்சில் வெட்டிய நான்கு பள்ளம்,
இரண்டு பூட்டு, சாவி என் கழுத்தில்.
எந்த ஊர், எந்த அரங்கு, எத்தனை நாள் என்று
நாடகக் குழு எழுதித்தந்த கடிதம் சட்டைப்பையில்.
டிக்கியில் ஏற்றி மேலே கோட்டுகளைப் போட்டேன்.
மறைக்க அல்ல என்றால் பொய்.
மறைக்கத்தான்.
சும்மா போகிறவர் எதற்காக அதைப் பார்க்க வேண்டும்?

வழியில் நிறுத்துவதில்லை.
தேநீருக்கும் இல்லை, மானைக் கண்டாலும் இல்லை.

போன வருடம் ஃபின்லே
ஒத்திகை முடிந்து சிகரெட் வாங்கப் போனான்,
இடுப்பில் செருகியதைச் செருகியபடியே.
மறந்துவிட்டேன் முர்டினா, என்றான்.
நல்ல வேளை, கடை மூடியிருந்தது.
அன்றிலிருந்து ஒரு நோட்டு:
எடுக்க ஒரு கையெழுத்து, திருப்பித் தர ஒன்று.
என்னைக் கறார்க்காரி என்கிறார்கள்.
இருக்கட்டும்.

பிரேமோர் தாண்டி, மழையில்,
பின் டயர் போனது.
உதிரிச் சக்கரம் எங்கே இருக்கும்?
பெட்டிக்கு அடியில்தான்.

மஞ்சள் வண்டியில் வந்தவர் பெயர் ரூரி.
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
நேராக வந்து டிக்கியில் கை வைத்தார்.

திறக்கும் முன் ஒன்று சொல்லணும், என்றேன்.
பலமுறை ஒத்திகை பார்த்த வாக்கியம்தான்,
இருந்தும் தொண்டை கட்டியது.
உள்ளே நாடகத் துப்பாக்கிகள். போலி.
பூட்டியிருக்கிறது. கடிதம் இருக்கிறது.
நானே எடுத்து வைக்கிறேன், நீங்கள் தொட வேண்டாம்.

கை இறங்கியது.
ஒரு மீன் லாரி எங்களை நனைத்துக்கொண்டு போனது.

நீங்களே எடுங்கள், என்றார்.

பூட்டுகள் அவர் பக்கம் தெரியும்படி
பெட்டியைத் திருப்பிப் பிடித்து
பின் சீட்டில் படுக்கவைத்துக் கதவை அடைத்தேன்.

கழற்றிய திருகுகளைத் தொப்பிக்குள் போட்டார்.
மூன்றாவது திருகில் பேசினார்,
என்னிடம் அல்ல, சக்கரத்திடம்:
பத்தொன்பது வயசு. பெர்த்தில், பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை.
ஒருத்தன் நீட்டினான்.
பொம்மை என்று கோர்ட்டில்தான் சொன்னார்கள்,
எட்டு மாசம் கழித்து.

நான்காவது திருகு இறுகிப்போயிருந்தது.
மிதித்துத் திருப்பினார்.

முழங்காலுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லலை போல,
என்று சிரித்தார்.

இதற்கு நான் ஒத்திகை பார்த்ததில்லை.
குடையை அவர் பக்கம் சாய்த்தேன்.
குடையால் என்ன ஆகிவிடும்,
அவர் ஏற்கெனவே தொப்பலாக நனைந்திருந்தார்.

அல்லாப்பூல் படகுத்துறையில் மறுபடி அதே வாக்கியம்.
மிட்டாய் மென்றபடி கடிதத்தைப் படித்த பெண்
எத்தனை, என்றாள்.
நான்கு.
நிஜம்?
ஒன்றும் இல்லை.
கடல் முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஸ்டார்னோவேயில் அன்றிரவு, இரண்டாம் அங்கம்.
ஃபின்லே குறிவைத்தான்.
பலகைகள் என் கையில்.
ஒரு நொடி தவறவிட்டேன்.
சாக வேண்டியவன் சத்தத்துக்கு முந்தி விழுந்துவிட்டான்.
அரங்கம் குலுங்கிச் சிரித்தது.
செத்தவனும் தோள் அதிரச் சிரித்தான்.

விளக்கு அணைந்ததும் நோட்டில் கையெழுத்து வாங்கினேன்.
நான்கு பள்ளம்.
எண்ணினேன், நான்கு.
பூட்டிவிட்டுத் திறந்து
மறுபடி எண்ணினேன்.