கலவை எண் ஒன்று

முதல் கேள்வி: அடித்தளம் எது?
தட்டிய ஓட்ஸா, வெட்டிய ஓட்ஸா,
கூட ஒரு பிடி பார்லி வேண்டுமா?
நான் கட்டிலில் படுத்திருந்தேன்.
மேல்கட்டிலில் மரிவிக் புரண்டு படுக்க
கம்பிகள் ஒருமுறை முனகி அடங்கின.
திரைக்கு அப்பால் யாரோ சார்ஜரைத் தேடினார்கள்.

ஷார்ஜாவில், அபு ஷகாராவில், நான்காம் மாடியில்
ஓர் அறைக்கு ஆறு பேர்.
இந்தக் கட்டிலை நான் தேர்ந்தெடுக்கவில்லை,
காலியாக இருந்தது.
ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் விழும் என்பதால்
காலியாக இருந்தது.
வேலையும் அப்படித்தான்,
பிரசவத்துக்குப் போன ஒருத்தி திரும்பி வராத நாற்காலி.

இப்போது ராத்திரி பதினொன்றே காலுக்கு
உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு திரை கேட்கிறது.
நாற்பத்திரண்டு பொருள்கள்.
ஆறு எடுக்கலாம்.
தெரியவில்லை என்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

அலுவலகத்தில் ஓட்ஸ் என் விரல்வழியே போகும்.
சுங்கக் குறியீடு பதினொன்று, நான்கு, பன்னிரண்டு.
கொள்கலன் இரண்டு, முப்பத்தெட்டு டன்,
ஜெபல் அலியில் இறங்கி தம்மாமுக்குப் போவது.
ஓர் எண் தவறினால்
லாரி எல்லையில் வெயில் காயும்.
இத்தனை டன்னில் ஒரு கரண்டி நான் தின்றதில்லை.

பூசணி விதையைத் தொட்டேன். எடுத்தேன். மறுபடி தொட்டேன்.
புளிப்புச் செர்ரி, படத்தில் அவ்வளவு சிவப்பாக இருந்ததற்காக.
தேங்காய்ச் சீவல். ஏலம். கல்லுப்பு.
ஆறாவது இடத்தில் வெகுநேரம் நின்றேன்.
கறுப்பு மிளகு அந்தப் பட்டியலில் எதற்கு?
யாரோ ஒருத்தி, எங்கோ,
அதைக் கேட்டிருக்க வேண்டும்.
அவளுக்காகப் போட்டேன்.

பையில் அச்சிடப் பெயர் வேண்டுமாம்,
பன்னிரண்டு எழுத்துக்குள்.
ஜெசிந்தா அருள்மேரி சவரிமுத்து
பாஸ்போர்ட்டில் இடைவெளியோடு இருபத்தொன்பது.
அப்பாவையும் ஞானஸ்நானத்தையும் வெளியே விட்டு
ஜெசிந்தா என்று மட்டும் அடித்தேன்.
ஐம்பத்தேழு திர்ஹம்.
ஊருக்கு அனுப்பும் தொகையில் கை வைக்கவில்லை,
இரண்டு வெள்ளிக்கிழமை டாக்சியில் பிடித்துக்கொண்டேன்.

வியாழன் சாயங்காலம் ஓர் அழைப்பு:
சிஸ்டர், லொகேஷன் பேஜோ.
அனுப்பிய லொகேஷன் அவரைப் பக்கத்துத் தெரு சலூனுக்குக் கொண்டுபோய் விட்டது.
கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு நானே இறங்கி ஓடினேன்.
தலைக்கவசத்தைக் கழற்றாமல் பையை ஆட்டிப் பார்த்தார்.
ஜிம் பவுடரா?
இல்லை, நாஷ்தா என்றேன்.
இருவருக்குமே அது நம்பும்படியாக இல்லை.
பையில் கொட்டை எழுத்தில்:
ஜெசிந்தாவின் கலவை, எண் ஒன்று.
இரண்டாவது வரும் என்று
அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

அடுப்பில் என் முறை ஐந்து இருபதிலிருந்து ஐந்தரை வரை.
பால் பொங்க நான்கு நிமிடம் போயிற்று.
செர்ரி ஊறி, பாலில் நீளநீளமாகச் சாயம் விட்டது,
வெளுக்கப்போட்ட துணியோடு சேர்ந்துவிட்ட சிவப்பு ரவிக்கை மாதிரி.

நன்றாக இல்லை.
முதல் கரண்டியிலேயே தெரிந்துவிட்டது.
தேங்காய்ச் சீவல் காகிதம்.
உப்பு ஒரு பக்கமாகத் திரண்டு நின்றது.
ஏலம் வந்து ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போது
மிளகு தொண்டையைப் பிடித்துக்கொண்டது.
திட்டுவதற்கு ஆள் தேடினேன்.
ஏஜென்ட் இல்லை, மேனேஜர் இல்லை,
மெஸ் சமையல்காரர் இல்லை.
இவ்வளவு முழுசாக என்னுடையதாக
ஒரு தவறு இதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.
நின்றபடியே இரண்டாம் கரண்டி தின்றேன்.

மரிவிக் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.
கேட்காமல் கரண்டியை வாங்கினாள்.
விக்கினாள். கண்ணில் நீர்.
பெப்பரா, ஏன், என்றாள்.
யாருக்குத் தெரியும் என்றேன்.
தன் தட்டிலிருந்து கண்டென்ஸ்டு மில்க் டப்பாவை எடுத்து வந்து
கிண்ணத்தின் அவள் பக்கத்தில் மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

ஐந்து ஐம்பதுக்கு பஸ்.
ஜன்னலோரம் கிடைக்கவில்லை.
போனில் ஐந்து நட்சத்திரம் காலியாக நின்று
அடுத்த பைக்கு மாற்றம் உண்டா என்றது.
உப்பைக் குறைத்தேன்.
தேங்காயை எடுத்தேன்.
மிளகின்மேல் விரலை வைத்து, எடுக்காமல்,
அப்படியே மூடிவிட்டேன்.
காரம் தொண்டையில்
தொழிற்பேட்டை வாசல் வரை இருந்தது.