பாதி அலகு

கெர்கினி ஏரியில் ஜனவரி.
ஸ்டெர்கியோஸ் வாளியிலிருந்து மீனை வீச
படகை மொய்த்தன கூழைக்கடாக்கள்.
ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சண்டை.
விரல் விறைத்தும்
நானூறு முறை அழுத்தியிருப்பேன்.

இரவு, விடுதி அறையில்
ஒன்றைத் தேர்ந்து வெட்டத் தொடங்கினேன்.
இடப்பக்கம் வேறொன்றின் சிறகு, போகட்டும்.
கீழே வாளியின் விளிம்பு.
பின்னால் பெலெஸ் மலை, பனியோடு,
அதுவும்தான்.

அலகுதான் அடங்கவில்லை.
முழுதாய் விட்டால் கண் ஒரு கடுகு.
நுனியை மட்டும் நறுக்கினால்
கை தவறியது போலிருக்கும்.
வெட்டுவதென்றால் துணிந்து வெட்டு.
பாதி அலகை எடுத்தேன்.

இப்போது சட்டம் நிறைய முகம்.
வெளிறிய கண்,
தலையணை கிழிந்தாற்போல் சுருள் இறகு,
செம்மஞ்சள் பையில்
விழாத ஒரு துளி.
எனக்கே பிடித்திருந்தது.

காலையில் படகுத்துறையில் காட்டினேன்.
ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு
போனை வாங்கினார் ஸ்டெர்கியோஸ்.
நல்ல படம் என்றார்.
பிறகு கட்டைவிரலால்
தள்ளித் தள்ளிப் பார்த்தார்,
வலது ஓரத்துக்கு அப்பால்
இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதுபோல்.

"யார் இது?
கொக்கி உடைந்தவனா,
மற்றவனா?"