ஏழாவது கேள்வி

படிவம் இந்தமுறையும் வாட்ஸப்பில்தான் வந்தது.
நாற்பத்திரண்டு நாட்டுக்கும் ஒரே படிவம்.
தமிழில் யார் மாற்றினார்களோ,
"ஆத்துமாக்களின் நிகர அதிகரிப்பு" என்று கேட்கிறது.
ஒட்டுசுட்டான் சங்கக்கடையில் பதினொரு வருசம்
அரிசியும் சீனியும் நிறுத்த கை எனக்கு.
நிகரம் தெரியும்:
சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும்.

தை: நாற்பத்து மூன்று.
மாசி: இருபத்தொன்பது. காலபோக அறுவடை.
வெட்டுமெசின் வயலுக்குள் இறங்கினால்
கர்த்தரும் காத்திருக்கத்தான் வேணும்.
பங்குனி முதல் இரண்டு ஞாயிறும்
கார்மென்ற்ஸ் பஸ் வந்து
பாடகர் குழுவை முழுசாய் ஏற்றிப்போனது,
கீபோட்டை மட்டும் விட்டுவிட்டு.
பாஸ்டர் ஜெபறஞ்சன் தனியே பாடினார்.
சுருதி எங்கேயோ, அவர் எங்கேயோ.

காரணம் எழுத ஒரு வரி விட்டிருக்கிறார்கள்.
"கடன்" என்று மட்டும் எழுதினேன்.
திங்கள் லோன் பொடியன் வருவான் என்றால்
ஞாயிறே சிலர் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள்.
புஸ்பகாந்தி ஞானஸ்நானம் எடுத்த கிழமை
மூன்று கொம்பனிக்குக் கட்டுக்காசு.
"அக்கா, என்ர பேரை வெட்டிப்போடாதேங்கோ"
என்று மன்னாரிலிருந்து குரல்பதிவு அனுப்பினாள்.
வெட்டவில்லை.

பிறகு பங்குனி மூன்றாம் சனி,
இரவு, யானை.
மேடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த
நாலு மூடை தசமபாக நெல்லுக்காக
பின்சுவரைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறது.
முன்கதவு திறந்துதான் கிடந்தது.

விடிய எழுபத்தாறு பேர்.
மாதா கோயில் ஆக்கள் பூசை முடிந்த கையோடு,
வனசீவராசிக் கந்தோரில் ஒருவர்,
பிரதேச சபைக்குக் கேட்டுத் தோற்றவர்,
அவருக்குப் போடாதவர்கள்.
"உங்கட ஆராதனைக்குப் பிள்ளையாரே வந்திட்டார்"
என்று யாரோ சொல்ல,
பாஸ்டர் கோபப்படப் பார்த்து, ஏலாமல்,
வேதப்புத்தகத்தால் வாயை மூடிச் சிரித்தார்.
பிரசங்கம் இல்லை.
தகரம் பிடித்தோம். ஆணி அடித்தோம்.

வாசலோரக் கதிரையில் ஏழு வருசமாய்
செருப்பைக் கழற்றாமல் இருக்கிற கனகேஸ்வரி
எழும்பி வந்து தகரத்தின் மற்ற நுனியைப் பிடித்தாள்.
அவளுடைய அங்கத்துவப் படிவத்தில்
வீட்டில் உள்ளோர்: நால்வர்.
ஒவ்வொரு கிழமையும் நான் ஒன்று என்றுதான் எண்ணுவேன்.
அன்றைக்குக் கேட்டாள்,
"இண்டைக்கு எத்தினை பேர்?"
"எழுபத்தாறு."
"மூண்டைக் கூட்டிப்போடு"
வாயில் கவ்விய ஆணியை எடுக்காமலே சொன்னாள்.

அன்றிரவே கணக்கு அனுப்பினேன்.
பிராந்தியக் காரியாலயம் உருகிப்போனது.
ஒரே வாரத்தில் இவ்வளவு வளர்ச்சி,
எந்த உபாயத்தைக் கையாண்டீர்கள்,
மற்றச் சபைகளுடன் பகிர முடியுமா,
படம் இருந்தால் அனுப்பவும்.
என்னிடம் யானை லத்தியின் படம் மட்டும்தான் இருந்தது.

சித்திரை முதல் ஞாயிறு முப்பத்தொரு பேர்.
யானை வரவில்லை.
பின்சுவர்த் தகரம் காற்றுக்கு டப் என்று அடிக்கும்போதெல்லாம்
கடைசி வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.
சின்னதுகள் விழுங்கவில்லை.

மிச்சம் ஏழாவது கேள்வி:
"அங்கத்தவர்களின் மனவுறுதி.
உயர்வு. நடுத்தரம். தாழ்வு.
ஒன்றில் மாத்திரம் சரி இடவும்."

சிக்னல் குளக்கட்டில்தான் கிடைக்கும்.
ஏறிநின்று மூன்று பெட்டியையும் மாறிமாறித் தொடுகிறேன்.
ஒன்றைத் தொட்டால் மற்றது தானாய் அழிகிறது.
கீழே துருசடியில் உடுப்புத் தோய்க்கிற கனகேஸ்வரி
அங்கிருந்தே கத்துகிறாள்,
"எழுபத்தொன்பதெண்டோ போட்டனி?"

ஓம் என்கிறேன்.
அது எப்பவோ போய்விட்டது.
ஏழாவதுதான் இன்னும்
சுற்றிக்கொண்டே நிற்கிறது.