நாலு போல்ட்

ஓடினால் ஒன்றுமில்லை.
நின்றால்தான் கொதிக்கிறது.

காசிமேட்டில் ஐஸ் ஏற்றி
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால்
கால் மணி நேரம் நின்றால் போதும்,
முள் எழுந்து போய் சிவப்பைத் தொடும்.
பானெட்டுக்குள் யாரோ குக்கர் வைத்தது போலிருக்கும்.

பின்னால் முப்பது பார் ஐஸ்
சாக்குக்கும் உமிக்கும் அடியில் சில்லென்று.
முன்னால் நான் வெந்துகொண்டிருக்கிறேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல்
விற்க வைத்திருந்த ஐஸையே உடைத்து
ரேடியேட்டர் மேல் கொட்டினேன்.
கணக்கில் அரை பார் குறைந்தது.
"கரைஞ்சு போச்சு" என்றேன் ரெஜினாளிடம்.
அது பொய்யும் இல்லை.

முதலில் தண்ணீரைப் பழித்தேன்.
தண்டையார்பேட்டை போர் தண்ணீர்,
டீ போட்டால் பாத்திரத்தில் வெள்ளை பூக்கிற தண்ணீர்.
பிறகு வண்டியை என் தலையில் கட்டிய
மணலிக்காரனைப் பழித்தேன்.
பெல்ட் மாற்றினேன்.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தேன்.
ரேடியேட்டரை இறக்கி ராடு விட்டார்கள்:
உள்ளே சுண்ணாம்பு,
வெளியே இடுக்கெல்லாம் மீன் செதில்.
நாலாயிரத்து இருநூறு,
ரெஜினாளின் சீட்டுப் பணம்.

மறுநாள் திருவொற்றியூர் தாண்டி வரிசை நின்றது.
முள் எழுந்தது.

கொருக்குப்பேட்டை கேட் ஓரம்
ஆபேல் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.
"ஓடும்போதா, நிக்கும்போதா?"
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.
நாற்பது பெட்டியும் கடந்த பிறகு
"நிக்கும்போது" என்றேன்.

இன்ஜினை ஐடிலில் விடச் சொன்னான்.
என் சட்டைப் பையிலிருந்த ஐஸ் பில்லை உருவி
முன் கிரில்லில் வைத்துக் கையை எடுத்தான்.
ஃபேன் இழுக்கிற இழுப்பில்
தாள் அங்கேயே ஒட்டி நிற்க வேண்டுமாம்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு சரிந்து
அவன் செருப்பின் மேல் விழுந்தது.

"ஃபேன திருப்பி மாட்டிக்கீது.
இருந்தாலும் சுத்தும். காத்து மட்டும் பாதிதான் வரும்.
எந்த நாதாரி மாட்னான் இத?"

போன ஐப்பசி.
டோல்கேட் பக்கம் மழை.
வாட்டர் பம்ப் ஒழுகி நடுரோட்டில் நின்று
மெக்கானிக் கிடைக்காமல்
செல்போன் டார்ச் வெளிச்சத்தில்
புது பம்பை நானே மாற்றினேன்.
கழற்றிய ஃபேனை மடியில் வைத்துத் துடைத்து
எப்படி வந்ததென்று பார்க்காமல் மாட்டினேன்.
நாலு போல்ட்.
மிச்சமான கூலியை நினைத்து
அன்றைக்கு இரண்டு பரோட்டா கூடுதலாகத் தின்றேன்.

"மணலிக்காரனா இருக்கும்" என்றேன்.

ஆபேல் ஸ்பேனரோடு குனிந்தான்.
முதல் போல்ட் அசையவில்லை. முனகினான்.
"நாதாரியா இருந்தாலும்
டைட்டு நல்லா வச்சிக்கீறான்."
வெட்கமில்லாமல்
எனக்குள் ஏதோ மகிழ்ந்தது.

திருப்பி மாட்டிய பிறகு
அதே பில், செருப்பு மண்ணோடு.
கிரில்லில் வைத்ததும்
பச்சென்று ஒட்டிக்கொண்டது.
முன்னூறு ரூபாய்.

இன்று சாத்தாங்காட்டுத் திருப்பத்துக்கு முன்னால்
வரிசை நகரவில்லை.
முக்கால் மணி நேரம்.
முள் நடுவிலேயே நிற்கிறது,
தூங்குகிற நாய் மாதிரி.
பக்கத்து சீட்டில் பில் புக்கோடு ரெஜினாள்.

"இன்னா ரிப்பேராம்?"
"காத்து."
"காத்துக்கா முன்னூறு?"

மண் ஒட்டிய பில்லை எடுத்துப் பார்த்தாள்.
கண்டெய்னரின் பின்கதவைப் பார்த்தாள்.
ஃபேன் சத்தம் புதிதாக இருந்தது,
அவளும் கேட்டிருக்க வேண்டும்.

"அன்னிக்கு மழைல
டார்ச்ச நான்
இன்னும் கிட்ட புடிச்சிருக்கணும்" என்றாள்.

வரிசை நகர்ந்தது.
நான் கியரைப் போட்டேன்.