விடுப்பில் வந்தவன்

தீவில் ஏழு உணவகங்கள்.
விருந்தினர் முகம் பார்த்தே சொல்லிவிடுவேன்:
கடலுக்கு மேல் மேசையா,
மணலில் மெழுகுவர்த்தியா,
சிங்கி இறாலா, பச்சை மீனா.
எனக்குப் பின்கட்டில் ஒரே ஜன்னல்,
பத்து நிமிடம்.

விடிகாலை பகாவில் பஸ் இறங்கினேன்.
செம்பனை லோரியொன்று
பழம் சிந்திக்கொண்டே போனது.
மோட்டாரை அணைக்காமல்
கோமளவல்லி கேட்டாள்:
"எங்க பசியாறலாம்?"

இரண்டே கடை.
ரொட்டி சானாய்க்கு வீராசாமி ஒட்டுக்கடை.
தோசைக்கு எதிரே,
அவரோடு ஒன்பது வருஷமாய்ப் பேசாத தம்பி.

வேலைப் பழக்கத்தில்
அவள் முகத்தைப் பார்த்தேன்.
"என் மூஞ்சில என்ன இருக்கு?
உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணன் மாவு வீசினார்.
தம்பி கல்லில் தண்ணீர் தெளித்தார்.
இருவரும் என்னையே பார்க்க,
பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது.